பதினோரு பட்டை

இன்னும் குலுங்கவில்லை. பூம்பாறையிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆயிற்று, பள்ளிக்கூடத்து இறக்கம் தாண்டியாயிற்று, குழாய் புதைக்க ரோட்டைக் குறுக்கே வெட்டி அரைகுறையாக மூடிய அந்தப் பள்ளமும் தாண்டியாயிற்று, வண்டி மெல்ல ஒரு தடவை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்தப் பள்ளத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மோதிக்கொள்ளும். ஓரக்கண்ணால் தவமணியைப் பார்த்தேன். என் பெண்டாட்டி. இன்று மத்தியானம் வரைக்கும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமோ என்னவோ. தையல் மிஷினின் தலையைத் தனியாகக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். ஒரு கை அதை அணைத்திருக்கிறது, இன்னொரு கை தலைக்கு மேலே இருக்கும் கம்பியைப் பிடித்திருக்கிறது. ஆடாத வண்டியில் எதற்குக் கம்பி? பதினாலு வருஷப் பழக்கம் அப்படி. கையை இறக்கு தவமணி, இது அந்த வண்டி இல்லை, சாய்ந்து உட்கார். மனசுக்குள் சொல்வதெல்லாம் அருமையாக வருகிறது. பின்னால் அவளுடைய தகரப் பெட்டி, மெத்தை, மிஷினின் இரும்புக் கால், பாத்திர மூட்டை இரண்டு. வத்தலக்குண்டில் அவள் தம்பி வீட்டு மாடிக்குப் போகிறாள். கொஞ்ச நாளைக்கு இல்ல, அங்கேயே இருந்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை, சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். வத்தலக்குண்டுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டாக வேண்டும். அன்றைக்கு இந்த வண்டிதான் காரணமா என்று. ஏழு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போகிற கேள்வி. இப்போது கேட்காவிட்டால் பிறகு எங்கே கேட்பது, அவள் தம்பி வீட்டு வாசலில் நின்றுகொண்டா?

கேட்கலாம். பைன் மரக் காடு வரட்டும், கேட்கலாம். காடு வந்துவிட்டது. இது வளைவு, இங்கே வேண்டாம், எதிரில் பஸ் வரும். எனக்குக் காரணம் சொல்லத் தெரியாதா என்ன. வண்டியைக் கவனி வேலப்பா. வண்டியைக் கவனிப்பது மட்டும் எனக்கு எப்போதும் சுலபம். ஐம்பத்தாறாம் வருஷத்துப் பிக்கப், மூக்கு நீண்ட ஜாதி, ஏதோ எஸ்டேட்டில் துரைமார் காலத்தில் ஓடி, கோழி அடைந்த கொட்டகையிலிருந்து நான் இழுத்துவந்தது. மலைப்பூண்டும் கேரட்டும் ஏற்றி ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் நான் அடிக்காத நடை இல்லை. கம்பெனிக்காரன் பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பட்டை வைத்திருந்தான். வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது, வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். நான் அதில் இரண்டைக் கூடுதலாகச் சொருகினேன். எங்கள் மலையில் எல்லாரும் செய்கிற வேலைதான், கூடக் கொஞ்சம் மூட்டை தாங்கும், வளைவில் வண்டி சாயாது. பதினோரு பட்டை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். டீக்கடையில் சொல்வேன், சந்தையில் சொல்வேன், பெண் பார்க்கப் போன இடத்தில் இவளுடைய அப்பாவிடம்கூடச் சொன்னேன். இதெல்லாம் ஒரு பெருமையா? அந்த மனுஷனும் பெரிய படிப்புப் படித்த மாப்பிள்ளை கிடைத்தமாதிரி தலையை ஆட்டினார். இப்போது அந்தப் பதினோரு பட்டையும் திண்டுக்கல்லில் முசாபர் பாய் பட்டறையில் ஒரு மூலையில் கிடக்கிறது. புதுசாக ஏழே ஏழு, நீளமாக, மெலிசாக. நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சர்பர். பழைய மூணு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு அஞ்சு கியர் பெட்டி. பின் அச்சில் பல்சக்கரம் புதுசு, நடுவில் ஓடும் ராடும் புதுசு. பாய் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "வேலப்பா, நல்லா யோசிச்சுக்க. இந்தப் பட்டையில பத்து மூட்டைக்கு மேல ஏத்த முடியாது. பொழப்புக்கு என்ன பண்ணுவ?" என்றார். "மூட்டைக்கு இல்ல பாய், ஆளுக்கு" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார். எந்த ஆளுக்கு என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

ஆனி கடைசியில்தான் தவமணி சொன்னாள், போறேன் என்று. சொன்னவள் அடுத்த மூச்சில், "ஆடி பொறக்கப் போகுது, ஆடியில வீடு மாறக்கூடாது, ஆவணியில போறேன்" என்றாள். புருஷனை விட்டுப் போகிறவள் மாசம் பார்த்தாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு ஒரு நப்பாசையும் வந்தது. ஆடி முழுசும் இருக்கிறதே. முப்பத்திரண்டு நாள். வேறொரு ஆண்பிள்ளையாக இருந்தால் அந்த முப்பத்திரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பான். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் போனேன். இருபது நாள் அங்கேயே பட்டறையில் படுத்து, போல்ட் போல்ட்டாகக் கூட இருந்து வேலை பார்த்தேன். என்ன நினைத்தேன் என்றால், அவள் ஒரு தடவை இதில் ஏறி உட்காரட்டும், ஒரு தடவை இந்த மலை இறங்கட்டும், உடம்பு அதிராமல் போய்ச் சேரட்டும், அவளுக்கே புரிந்துவிடும் என்று. என்ன புரியும்? நான் எதற்கு இதைச் செய்தேன் என்று. புரிந்தால்? திரும்பி வா என்று வண்டியே சொல்லிவிடும் என்று நினைத்தாயாடா முட்டாளே. பஸ்ஸில் போயிருப்பாள். சாமான் இருக்கிறதே, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். "சரி, நம்ம வண்டியிலயே போயிருவோம்" என்றாள். நம்ம என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

கொடைக்கானல் வந்துவிட்டது. ஏரிப்பக்கம் போகாமல் மேலேயே வந்து மூஞ்சிக்கல்லில் இறங்கினால் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் வண்டி, சைக்கிளில் ஊர் சுற்ற வந்த பயல்கள், குல்லா விற்கிறவன், சோளம் சுடுகிற புகை. நின்று நின்று போக வேண்டியிருந்தது. பழைய கியர் பெட்டியாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கறக் என்று ஊரைக் கூட்டும். இது வெண்ணெயில் கத்தி போல விழுகிறது. தவமணி திடீரென்று, "சத்தமே இல்லையே" என்றாள். காலையிலிருந்து அவள் வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. இதுதான் நேரம், சொல், உனக்காகத்தான் என்று சொல், ஒரே வார்த்தை. "ஆமா, புது கியர் பெட்டி" என்றேன். "அஞ்சு கியரு." "அப்படியா" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "எத்தன மூட்ட ஏத்தலாம்?" என்றாள். "பத்து." "முன்ன இருபத்திரண்டு ஏத்துவீங்கள்ல? அப்புறம் எப்படி நடை அடிப்பீங்க?" கவலையாகத்தான் கேட்டாள். போகிறவளுக்கு எதற்கு இந்தக் கவலை என்று எனக்குக் கோபம்கூட வந்தது, கோபம் என்றால் அழுகைக்கு முன்னால் வருமே அது. "ஆளு கூட்டிட்டுப் போலாம்ல, டூரிஸ்ட்டு" என்று ஏதோ உளறினேன். வாய்க்கு வந்த பொய். பழைய வண்டியென்றால் படம் பிடிக்க வருவான், ஏறி உட்கார எவன் வருவான்.

இருபத்திரண்டு மூட்டை. அவளே சொல்லிவிட்டாள் அந்த எண்ணை. அன்றைக்கும் இருபத்திரண்டுதான். ஐப்பசி, விடாத மழை, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த பிள்ளை, ஆறாம் மாசம். காலையில் கேரட் ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடிக்கிறேன், உள்ளேயிருந்து அவள் கூப்பிடுகிறாள். குரல் வேறுமாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணவா என்றாள். நம்ம வண்டி நிற்கும்போது அது எதுக்கு, நான் சொன்னேன், நான்தான் சொன்னேன். மூட்டையை இறக்கு, வண்டி லேசாக இருந்தால் பறக்கும் என்று சொன்னதும் நான்தான். நாலு பேர் சேர்ந்து பத்தே நிமிஷத்தில் இருபத்திரண்டையும் இறக்கினோம். ரோட்டோரம் அடுக்கிவிட்டு, கொடைக்கானலில் டாக்டர் இல்லையென்று வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு என்ன ஒரு சுறுசுறுப்பு, என்ன ஒரு வீரம். பதினோரு பட்டை வண்டியைக் காலியாக ஓட்டினால் என்ன ஆகும் என்று பூம்பாறையில் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். பாரம் இருந்தால்தான் பட்டை வளைந்து கொடுக்கும். பாரம் இல்லாவிட்டால் அது இரும்புக் கட்டை, ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறும். அதனால்தான் சந்தையிலிருந்து காலியாகத் திரும்பும்போது பின்னால் நாலு மூட்டை மணல் போட்டுக்கொண்டு வருவோம். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வண்டி வாங்கினவனெல்லாம் குதித்துக்கொண்டு வந்தால் டீக்கடையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நாலு மூட்டையை விடத் தோன்றவில்லையே. இருபத்திரண்டில் பதினெட்டை இறக்கியிருந்தால் போதும். நாலு மூட்டை கேரட். மழை அரித்த ரோட்டில் வெள்ளி நீர்வீழ்ச்சிவரைக்கும் வண்டி எகிறி எகிறி விழுந்தது, கம்பியில் தொங்கிய அவள் கை, சீட்டிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்த அவள் உடம்பு. நாலு மூட்டை. ராத்திரியில் விழிப்பு வந்தால் நான் இன்றைக்கும் மூட்டை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பதினெட்டோடு நிறுத்து, நிறுத்து என்று கத்துகிறேன். எவனும் நிறுத்துவதில்லை.

டாக்டரம்மா, வண்டியில் வந்ததால் இல்லை, முன்னாடியே உசுரு நின்றிருக்கிறது என்று சொன்னார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் தினம் எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். உண்மை தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். வயிற்றுக்குள் என்ன நடந்தது, எந்தப் பள்ளத்தில் நடந்தது என்று இவளுக்குத்தானே தெரியும். இவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், ஆமா, உங்க வண்டிதான் என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிடுவாளோ என்று பயந்து பயந்து அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டேன். ஒற்றை நடை அடித்த இடத்தில் ரெண்டு நடை அடித்தேன். விடியுமுன்னே எடுத்தால் இருட்டித்தான் வீடு. அவள் தையல் மிஷினை மிதித்தாள், நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எப்போதாவது சேர்ந்து எங்கேயாவது போனாலும் அந்த வண்டியில் பேச முடியாது, கியர் பெட்டி ஊளையிடும், பின் அச்சு அரைக்கும், ஆங் என்பாள், என்ன என்பேன், ஒண்ணுமில்ல என்பாள். வீட்டுக்குள்ளும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு அவள் அதற்கப்புறம் வருவதில்லை, ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா, அதுதான் கேட்கவில்லை. நான் கோழை. வெளியில் பார்க்கிறவர்கள் பத்து ஊசி வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான் என்பார்கள். வீட்டுக்குள் நான் கோழை.

பெருமாள்மலையில் நிறுத்தி டீ வாங்கினேன். அவள் இறங்கவில்லை, கண்ணாடி டம்ளரை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டாள். குரங்கு ஒன்று பின்னால் ஏறி மெத்தையைத் தொட்டுப் பார்த்தது, விரட்டினேன். டம்ளரைத் திருப்பித் தரும்போது சொன்னாள், "மோர் மொளகா மேல் அலமாரியில நீல டப்பால இருக்கு. அரிசி டிரம்முல வேப்பல போட்டிருக்கேன், எடுத்துப் போட்டுறாதீங்க. பெரஷர் மாத்தர தீந்தா அதே கடையில வாங்குங்க, வேற கம்பெனி கொடுத்தா வேணாம்னு சொல்லுங்க." நான் ஒவ்வொன்றுக்கும் ம் என்றேன். இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. வீட்டில் நான் எங்கே நின்றேன், மெத்தையைக் கட்டு, கயிற்றை இழு, பெட்டியைத் தூக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தேனே. வண்டியை எடுத்தேன். இனி இறக்கம், இனி நேரம் வேகமாகப் போகும். இந்த ரோட்டை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அடுத்தது ஊத்து, அதற்கப்புறம் டம்டம் பாறை, அதற்கப்புறம் காமக்காபட்டி செக்போஸ்ட், அதற்கப்புறம் சமதளம், தென்னந்தோப்பு, அவள் தம்பி வீடு. ஒவ்வொரு வளைவும் என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது. மெதுவாகத்தான் போகிறேன். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்து என் தாத்தனையும் சேர்த்துத் திட்டிவிட்டு முந்திப் போகிறான். போகட்டும். அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எப்போது எடுத்தாள்? பார்க்காமல் விட்டேனே. மிஷினைச் சுற்றின புடவையின்மேல் இரண்டு கையும் சும்மா கிடக்கிறது. சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் இப்படி உட்கார்ந்து இந்த வண்டியில் நான் பார்த்ததே இல்லை. சரி, சொல்லிவிடு, என்ன ஆனாலும் ஆகட்டும்.

"பட்டைய எடுத்துட்டேன்" என்றேன். வண்டிக்குள் என் குரல் அவ்வளவு பெரிசாகக் கேட்டது, பழைய சத்தத்துக்குப் பழகின தொண்டை. "எத?" என்றாள். "அந்த எக்ஸ்ட்ரா பட்டை ரெண்டும். ஒம்போதையும் சேத்து எல்லாத்தையும். அன்னிக்கு அதுதான இருந்துச்சு. மூட்டையவும் இறக்கிட்டேன். நாலு மூட்டைய விட்டிருந்தா அப்படித் தூக்கிப் போட்டிருக்காது. எனக்குத் தெரியும் தவமணி, தெரிஞ்சும் இறக்கிட்டேன்." சொல்லிவிட்டேன். ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "அதுக்கா இம்புட்டு வேலையும் பாத்தீங்க?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ஏழு வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?" அவள் குரலில் ஆச்சரியம் இருந்தது, நிஜமான ஆச்சரியம், பக்கத்து வீட்டு ரகசியம் ஒன்றைக் கேள்விப்பட்டவள் மாதிரி. "பட்ட ஒண்ணும் பண்ணலைங்க. காலையில வலி எடுக்கும்போதே அசைவு நின்னுருச்சு. டாக்டரம்மா சொன்னாங்கள்ல. எனக்கும் தெரியும்."

தெரியும். பட்டை ஒன்றும் பண்ணவில்லை. வண்டி காரணம் இல்லை. ஏழு வருஷமாக எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தேனோ அந்த வார்த்தை, அவள் வாயாலேயே, இவ்வளவு லேசாக. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது, ஆமாம், இறங்கியது, பொய் சொல்லக் கூடாது, ஒரு வளைவு முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படியென்றால் இவள் ஏன் போகிறாள்? அந்த எண்ணம் வந்து முடிவதற்குள் அவள் பேசினாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கத்தாமல், யாரிடமோ வழி சொல்கிற குரலில். "ஊத்துக்கு முன்னாடி, இந்தா, இந்த எடத்துலதான், நிறுத்தச் சொன்னேன்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நிறுத்தச் சொன்னியா?" "மூணு தடவ சொன்னேன். ரெண்டு நிமிசம் நிறுத்துங்கன்னு. நீங்க இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சுன்னு ஓட்டிக்கிட்டே இருந்தீங்க." "சத்தத்துல கேக்கல தவமணி." "கேட்டுச்சுங்க. உங்க கையப் புடிச்சேன்ல. கியர் போட எடைஞ்சலா இருக்குன்னு என் கைய எடுத்து மடியில வச்சீங்க."

இல்லை. அப்படி நடக்கவில்லை. மழை, வைப்பர், மூணாவது கியரிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்கணும், இறக்காவிட்டால் அந்த வளைவு கொள்ளாது, அது ஞாபகம் இருக்கிறது. கியர்க் கம்பியின்மேல் என் இடது கை, அது ஞாபகம் இருக்கிறது. அதன்மேல் ஏதோ. ஈரமாக, சில்லென்று, என் விரல்களை நெருக்கிக்கொண்டு. வளையல் கியர்க் கம்பியில் பட்டது. எடுத்து வைத்தேன். ஆமாம், நான்தான் எடுத்து வைத்தேன், அவள் மடியில், கவனமாக, உடையக்கூடிய சாமானை வைப்பது போலத்தான் வைத்தேன், உடனே கியரை இறக்கினேன். நல்லபடியாக விழுந்தது கியர். எத்தனை ஆயிரம் தடவை அந்த ரோட்டை மனசுக்குள் ஓட்டியிருக்கிறேன், ஒவ்வொரு கல்லும் ஞாபகம் இருக்கிறது, இதை மட்டும் எங்கே வைத்தேன். "எதுக்கு நிறுத்தச் சொன்னே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "போயிருச்சுன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா எல்லாரும் வந்துருவாங்க. நம்ம பிள்ள, நம்ம ரெண்டு பேரு மட்டும் இருக்கும்போது சொல்லிரணும்னு நெனச்சேன். சொல்லி அழுதுட்டுப் போலாம்னு. கடைசியில நர்சு வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. அப்பவும் நீங்க அழல. வெளிய போயி வண்டிக்கு அடியில படுத்து என்னமோ பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு தம்பி வந்து சொன்னான்." பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது முறிந்திருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றும் இருந்தது. இதை எப்படி அவளிடம் சொல்வேன்.

என் கால் தானாகப் பிரேக்கை அமுக்கியது. இடது ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, வண்டி அலுங்காமல் ஒதுங்கி நின்றது, எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை, எங்கேயோ ஒரு குருவி கத்துவது வண்டிக்குள் கேட்டது. தவமணி என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "இப்ப எதுக்கு நிறுத்துறீங்க?" என்றாள். "போங்க. தம்பி மாடியக் கழுவி விட்டுட்டுச் சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருப்பான்."

போ என்கிறாள், போகிறேன். முதல் கியர், சத்தமில்லாமல் விழுந்தது. ரெண்டாவது. மூணாவது. அங்கே கொஞ்ச தூரம் ரோடு நேராகப் போகும். கியர்க் கம்பியிலிருந்து இடது கையை எடுத்து சீட்டின்மேல், அவளுக்கும் எனக்கும் நடுவில், வைத்தேன். உள்ளங்கை மேலே பார்க்க வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், எனக்குத் தெரியும், பார்த்தாள். மடியிலிருந்த மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள், இரண்டு கையும் அதன்மேலேயே இருந்தது. அவ்வளவு நேரமும் நான் ஒற்றைக் கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்தது ஊசி வளைவு. இந்த வண்டிக்கு அங்கே இரண்டு கையும் வேண்டும்.